ஒரே பக்கத்தில் பத்தாண்டு: டச்சு மக்கள் பதிவேட்டை வாசிப்பது எப்படி?

கேள்வி இது. கேட்டவரின் கணவர் நெதர்லாந்துக்காரர். கணவரின் கொள்ளுப்பாட்டியுடைய தாயைத் தேடியபோது, ஃபிரீஸ்லாந்து மாகாணத்து ஊர் ஒன்றின் பழைய பதிவேட்டிலிருந்து 1860களைச் சேர்ந்த ஒரு பக்கம் கிடைத்திருக்கிறது. ஒரே வீட்டு எண்ணின் கீழ் பதினான்கு பெயர்கள். பாதிக்கு மேல் கோடு இழுத்து அடிக்கப்பட்டிருக்கின்றன. தேடிய பெண்ணின் பெயரும் அதில் ஒன்று. அவருடைய குடும்பப் பெயர் அந்த வீட்டாருடையதோடு ஒட்டவில்லை. பிறந்த ஆண்டும் கையிலுள்ள பிறப்புப் பதிவோடு ஓராண்டு முரண்படுகிறது. கடைசிக் கட்டத்தில் ஆம்ஸ்டர்டாம் என்றும் 1867 மே என்றும் எழுதியிருக்கிறது. இத்தனை பேர் ஒரே வீட்டில் எப்படி இருந்தார்கள், பெயர்களை ஏன் அடித்தார்கள், எந்த ஆண்டை நம்புவது, ஆம்ஸ்டர்டாமில் அவரை எங்கே தேடுவது?

முதல் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். அந்தப் பதினான்கு பேரும் ஒரே நாளில் அந்த வீட்டில் இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலும் இருந்திருக்க மாட்டார்கள். உங்கள் கையில் இருப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அல்ல. கணக்கெடுப்பு என்றால் ஒரு நாள் இரவு யார் யார் வீட்டில் இருந்தார்கள் என்று எழுதுவார்கள், அதோடு முடிந்தது. இது ஏறத்தாழ பத்தாண்டுகள் திறந்தே வைத்து, யார் வந்தாலும் போனாலும் பிறந்தாலும் இறந்தாலும் எழுத்தர் குறித்துக்கொண்டே வந்த ஏடு. அந்தப் பக்கத்தின் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் ஓடியிருக்கலாம். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதிக் குழப்பங்களில் பெரும்பகுதி தானாக அவிழும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்யும் முறை நெதர்லாந்தின் பெரும்பகுதியில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் 1811இல் வந்தது. தெற்கே லிம்பர்க் போன்ற பகுதிகளில் அதற்கும் முன்பே வந்துவிட்டது. அந்தப் பதிவு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும். ஆனால் ஒரு மனிதர் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே எங்கே இருந்தார் என்று சொல்லாது. 1849 டிசம்பரில் வந்த அரசாணை அந்த இடைவெளியை நிரப்பியது. ஒவ்வொரு நகராட்சியும் மக்கள் பதிவேடு வைக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் எடுத்த கணக்கெடுப்பின் தகவலை அடித்தளமாகக் கொண்டு 1850 தொடக்கத்திலிருந்து அதை நடத்த வேண்டும் என்பது உத்தரவு. டச்சில் இதற்குப் பெவோல்கிங்ஸ்ரெகிஸ்டர் என்று பெயர். பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் பல ஊர்களில் புது ஏடு தொடங்கினார்கள். எல்லா ஊரும் ஒரே தாளத்தில் நடக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமின் முதல் ஏடு 1851இல் தொடங்கி 1853இலேயே முடிகிறது; அடுத்தவை 1853 முதல் 1863 வரை, 1864 முதல் 1874 வரை, 1874 முதல் 1893 வரை. அதன்பின் அந்த நகரம் ஏட்டை விட்டு, குடும்பத்துக்கு ஒன்றாக எழுதும் பதிவு அட்டைக்கு, அதாவது குடும்ப அட்டைக்கு, மாறிவிட்டது. ஆகவே எந்த ஊர் என்றாலும், அங்கே எந்த ஏடு எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி கோடுகளுக்கு வருவோம். பெயரை அடித்திருப்பது பிழைத் திருத்தம் அல்ல, தண்டனையும் அல்ல. அந்த மனிதர் அந்தப் பக்கத்தை விட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான். இறந்திருக்கலாம், வேறு ஊருக்குப் போயிருக்கலாம், அதே ஊரில் அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்திருக்கலாம். பழைய ஏடுகள் ஆள்வாரியாக அல்லாமல் வீட்டுவாரியாக அடுக்கப்பட்டவை என்பதால், தெரு மாறினாலும் பக்கம் மாறும். அப்படி மாறியவருக்கு எழுத்தர் புதிய பக்க எண்ணைக் குறிப்புக் கட்டத்தில் எழுதியிருப்பார். ஓரத்தில் தனியாக நிற்கும் எண்களைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த பக்கத்துக்கு வழி காட்டுவது அந்த எண்தான். ஏட்டின் காலம் முடிந்தபோது அடிபடாமல் நிற்கும் பெயர்கள் அடுத்த ஏட்டுக்குப் போனவர்களுடையவை. அங்கே வீட்டு எண் பெரும்பாலும் மாறியிருக்கும். அந்தக் காலத்தில் ஊரை எழுத்துகளால் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் வீடுகளுக்கு வரிசை எண் கொடுத்தார்கள்; புது ஏடு போடும்போது எண்ணையும் புதிதாகப் போட்ட ஊர்கள் உண்டு. எண் மாறியதை மட்டும் வைத்துக் குடும்பம் வீடு மாறியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் பெயர்களைப் பாருங்கள். அவர்கள் அதே வரிசையில் இருந்தால் வீடு அதேதான்.

கட்டங்களை இடமிருந்து வலமாக வாசித்தால் வரிசை எண், பெயர், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, பிறந்த ஊர், திருமண நிலை, சமயம், தொழில், எந்தத் தேதியில் எங்கிருந்து வந்தார், எந்தத் தேதியில் எங்கே போனார், இறந்த தேதி, குறிப்பு என்று பொதுவாக வரும். ஊருக்கு ஊர் வரிசை சற்று மாறும். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டம் ஆரம்ப கால ஏடுகளில் பெரும்பாலும் இருக்காது. அதனால் ஒரே குடும்பப் பெயரோடு அடுத்தடுத்து வரும் இருவரை அண்ணன் தம்பி என்று எடுத்துக்கொள்வது ஆபத்து; சித்தப்பா மகனாகவும் இருக்கலாம், முதல் மனைவியின் பிள்ளையாகவும் இருக்கலாம். பிறப்புப் பதிவைத் தனியே பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். மணமான பெண்கள் தங்கள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரிலேயே எழுதப்பட்டிருப்பார்கள். தேடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். பேரப்பிள்ளை எடுத்த விதவையைக்கூடப் பிறந்த வீட்டுப் பெயரால் கண்டுபிடித்துவிடலாம்.

ஊர்க் கட்டத்தில் ‘அல்ஹீர்’ என்று கண்டால் அது ஓர் ஊரின் பெயர் அல்ல. ‘இதே ஊர்’ என்று பொருள். ‘வெர்ட்ரொக்கன்’ என்றால் போய்விட்டார், ‘ஓவர்லேடன்’ என்றால் இறந்துவிட்டார். தேதிகளில் ஒரு பொறி இருக்கிறது. 7 என்ற எண்ணுக்குப் பின்னால் ‘பெர்’ என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீன் எண் வரிசையை ஒட்டி 7, 8, 9, 10 ஆகியவை செப்டம்பர் முதல் டிசம்பர் வரையான மாதங்களைக் குறிக்கும். பத்துக்கு ரோமன் எண்ணையும் போடுவார்கள். இந்த ஒரு வழக்கம் தெரியாததால் இரண்டு மாதம் தள்ளிப் போன வம்சாவளி அட்டவணைகள் இணையத்தில் நிறைய உலவுகின்றன.

உங்கள் பெண்மணியின் குடும்பப் பெயர் ஏன் ஒட்டவில்லை? பக்கத்தை மறுபடி பாருங்கள். அவர் குடும்பத்தாரின் பிள்ளைகளுக்குக் கீழே, கடைசி வரிகளில் இருக்கிறாரா? தொழில் கட்டத்தில் வேலைக்காரப் பெண் என்று பொருள்படும் ‘டீன்ஸ்ட்மெய்ட்’ அல்லது அதன் சுருக்கம் இருக்கிறதா? அப்படியென்றால் அவர் அந்த வீட்டு மகள் அல்ல, அங்கே தங்கி வேலை செய்தவர். வந்த தேதியும் போன தேதியும் மே மாதத்தை ஒட்டி இருந்தால் இது கிட்டத்தட்ட உறுதி. ஃபிரீஸ்லாந்தில் மே 12 தான் குத்தகையும் வேலை ஒப்பந்தமும் மாறும் நாள்; நவம்பரிலும் ஒரு மாற்றம் உண்டு. அந்தத் தேதிகளை ஒட்டிப் பதிவேட்டில் வரிசையாக வருகையும் புறப்பாடும் விழுந்திருக்கும். ஓராண்டு ஒரு பண்ணை, மறு ஆண்டு இன்னொரு பண்ணை என்று பதினைந்து வயதிலிருந்து திருமணம் வரை இப்படியே கழித்த பெண்கள் ஏராளம். அவர்களுக்கென்று நிலம் கிடையாது, கடிதங்கள் மிஞ்சவில்லை. அவர்கள் நடந்த பாதை முழுமையாகத் தெரிவது இந்தக் கட்டங்களில் மட்டும்தான். அதனாலேயே இந்த ஏடுகள்மீது எனக்குத் தனிப் பிரியம். சில ஊர்களில் வேலைக்காரர்களை வீட்டுப் பக்கத்தில் எழுதாமல் அவர்களுக்கென்று தனி ஏடே வைத்திருந்தார்கள். குடும்ப ஏட்டில் ஆள் காணாமல் போனால் அந்தத் தனி ஏட்டைக் கேளுங்கள்.

பிறந்த ஆண்டு விஷயத்தில் பொது விதி எளிது: பிறப்புப் பதிவே சான்று. மக்கள் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதி பல நேரம் அவரவர் வாயால் சொன்னதோ, முந்தைய ஏட்டிலிருந்து படியெடுத்ததோதான். ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அவசரப்பட மாட்டேன். வித்தியாசம் சரியாக ஓராண்டு என்பது என்னை உறுத்துகிறது. நீங்கள் வைத்திருக்கும் பிறப்புப் பதிவு வேறொரு குழந்தையுடையதாக இருக்கலாம்.

காரணத்தைச் சொல்கிறேன். ஒரு குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை வைப்பது அங்கே இயல்பான வழக்கம். எல்லோருக்கும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு ஓவியர் வின்சென்ட் வான் கோவின் குடும்பம். 1852 மார்ச் 30 அன்று ஸுண்டர்ட் என்ற ஊரில் பாதிரியார் தியோடோரஸ் வான் கோவுக்கும் அன்னா கார்பென்டஸுக்கும் ஓர் ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. வின்சென்ட் என்பதே அதன் பெயர். சரியாக ஓராண்டு கழித்து, 1853 மார்ச் 30 அன்று பிறந்த குழந்தைக்கு அதே பெயர் வைத்தார்கள்; ஓவியர் ஆனவர் அவர். முதல் குழந்தை போன்றவர்கள் மக்கள் பதிவேட்டில் ஏற மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் ஊரில் குடியிருந்தவர்களாகவே கணக்கில்லை. அவர்களை இறப்புப் பதிவில்தான் தேட வேண்டும். அங்கே ‘உயிரற்ற குழந்தை’ என்று எழுதியிருந்தாலும் அது இறந்தே பிறந்தது என்று பொருளாகிவிடாது. பிறப்பைப் பதிவதற்கு முன் இறந்த குழந்தையையும் சட்டப்படி அப்படியே எழுதினார்கள். சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ அது வாழ்ந்திருக்கக்கூடும். உங்கள் பெண்மணியின் பெற்றோருக்கு அதே பெயரில் ஓராண்டு மூத்த குழந்தை பிறந்து இறந்ததா என்று ஃபிரீஸ்லாந்தின் இறப்பு அட்டவணையில் பாருங்கள். லேவார்டனில் உள்ள மாகாண ஆவணக் காப்பகம் உள்ளிட்டவை சேர்ந்து நடத்தும் ‘ஆல ஃபிரீசன்’ தளத்தில் இதைக் கட்டணமின்றித் தேடலாம்.

வான் கோ குடும்பம் இன்னொரு விதத்திலும் நல்ல பயிற்சிக் களம். அவர்களுடைய இடப்பெயர்ச்சி ஆண்டுவாரியாகத் தெரியும். 1871இல் ஸுண்டர்ட்டிலிருந்து ஹெல்வோர்ட், 1875இல் எட்டன், 1882இல் நூனன். தந்தை 1885 மார்ச்சில் நூனனில் இறந்தார். நான்கும் வட பிரபாண்ட் மாகாணத்து ஊர்கள். ஆகவே ஓர் ஊரின் புறப்பாட்டுக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, அடுத்த ஊரின் வருகைக் கட்டம் அதோடு பொருந்துகிறதா என்று விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்ப்பதுபோல் பழகிக்கொள்ளலாம். அந்த மாகாணத்தில் கத்தோலிக்கரே பெரும்பான்மை. சமயக் கட்டத்தில் ரோமன் கத்தோலிக்கத்தைக் குறிக்கும் ஆர்.கே. என்ற எழுத்துகள் வரிசையாக வரும்போது, வான் கோ குடும்பம் சார்ந்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபையைக் குறிக்கும் என்.எச். திடீரென்று வந்தால் கண் தானாக அங்கே நிற்கும். அப்படி ஒரு சிறுபான்மைக் குடும்பம் என்றால் தேவாலய ஆவணங்களையும் தேடுவது பயன் தரும்.

சமயக் கட்டத்தைப் பற்றி நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் கடந்து போக முடியாது. 1930களின் கடைசியில் நெதர்லாந்து குடும்ப அட்டையிலிருந்து தனிநபர் அட்டைக்கு மாறியது. ஒருவருக்கு ஓர் அட்டை. அவர் ஊர் மாறினால் அட்டையும் புதிய ஊருக்குப் போகும். நிர்வாகம் என்ற அளவில் மிகச் சீரான ஏற்பாடு. 1940 மே மாதம் ஜெர்மன் படை நாட்டைப் பிடித்தபோது அந்தச் சீர்மையே கொலைக் கருவியாயிற்று. யூதர்கள் யார், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தேடுவதற்கு அட்டைகள் தயாராக இருந்தன. நாட்டிலிருந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச் 27 அன்று ஓவியர் வில்லம் அரோந்தேயுஸும் சிற்பி கெரிட் வான் டெர் வேனும் தோழர்களோடு காவலர் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குள் நுழைந்து, காவலாளிகளை மயக்கிவிட்டு, அட்டைகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். அழிந்தது ஏறத்தாழ 15 விழுக்காடு. அரோந்தேயுஸ் உட்படப் பன்னிரண்டு பேர் அந்த ஆண்டு ஜூலை 1 அன்று ஓவர்வேன் மணல்மேடுகளில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1944 ஏப்ரல் 11 அன்று தி ஹேக் நகரில் அடையாள அட்டைகளின் பிரதிகள் இருந்த கிளைகாம்ப் மாளிகையை பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசித் தகர்த்தன. ஆம்ஸ்டர்டாமில் ஒரு யூதக் குடும்பத்தின் அட்டையை எடுக்க நேர்ந்தால், அந்தச் சமயக் கட்டத்தில் உள்ள இரண்டு மூன்று எழுத்துகள் என்ன செய்தன என்று தெரிந்துகொண்டு வாசியுங்கள்.

தனிநபர் அட்டைகளில் இறந்தவர்களுடையவை தி ஹேக்கில் உள்ள மத்திய வம்சாவளி மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கட்டணம் செலுத்தி நகல் பெறலாம். 1994 அக்டோபரில் கணினிப் பதிவு வந்து அட்டைக்கு ஓய்வு கொடுத்தது. உங்கள் கணவரின் பாட்டி, பாட்டனார் வரை இந்த அட்டை வழியாகவே ஏறிவிடலாம். பெற்றோர் பெயர், துணைவர், பிள்ளைகள், முகவரிகள் எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். பிறப்புப் பதிவு 100 ஆண்டு, திருமணப் பதிவு 75 ஆண்டு, இறப்புப் பதிவு 50 ஆண்டு கழிந்த பின்னரே பொதுப் பார்வைக்கு வரும் என்பதால், அண்மைத் தலைமுறைகளுக்கு அட்டை இன்னும் முக்கியமாகிறது.

புறப்பாட்டுக் கட்டத்தில் வேறு சில பெயர்களும் வரும். ‘நோர்ட் அமெரிக்கா’ என்று மட்டும் இருந்தால் எழுத்தருக்கு அதற்கு மேல் தெரியாது என்று பொருள். கப்பல் பட்டியலுக்குப் போக வேண்டும். வேன்ஹௌஸன், ஓம்மர்ஸ்கான்ஸ் என்று இருந்தால் அவர் ஏழைகளையும் பிச்சைக்காரர்களையும் குடியேற்றி வேலை வாங்கிய முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர். 1818இல் யோஹன்னஸ் வான் டென் பாஸ் தொடங்கிய தர்மச் சங்கம் அமைத்த இடங்கள் இவை. அங்கே போனவர்களைக் குடும்பங்கள் பல தலைமுறை மறைத்திருக்கின்றன. ஆனால் அந்த முகாம்களுக்கென்று தனிப் பதிவேடுகள் இருக்கின்றன. சங்கத்தின் ஆவணங்கள் ஆஸன் நகரில் உள்ள டிரென்தே காப்பகத்தில் இருக்கின்றன. வெட்கப்படாமல் கேளுங்கள், சாதாரணக் குடும்பங்களைப் பற்றிக் கிடைக்காத விவரங்கள் அங்கே கிடைக்கும்.

இலங்கையில் டச்சு வேர் தேடும் நண்பர்களும் இதே பதிவேட்டைக் கேட்பதுண்டு. அவர்களுக்கு இது உதவாது. டச்சுக்காரர்கள் இலங்கையை ஆங்கிலேயரிடம் இழந்தது 1796இல். இந்த ஏடுகள் தொடங்கியதோ 1850இல். அவர்கள் பார்க்க வேண்டியவை கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள தோம்புகள் எனப்படும் டச்சுக் கால நிலப் பதிவேடுகளும் தேவாலய ஞானஸ்நானப் பதிவுகளும். முன்னோர் கப்பலில் வந்த கம்பெனிச் சிப்பாயோ மாலுமியோ என்றால், தி ஹேக்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளப் பேரேடுகளில் சொந்த ஊர் கிடைக்க வாய்ப்புண்டு.

இனி உங்கள் ஆம்ஸ்டர்டாம். 1867 மே என்பது ஃபிரீஸ்லாந்து ஊரில் அவர் பெயர் நீக்கப்பட்ட தேதி. ஆம்ஸ்டர்டாமில் பதிவானது அதே நாளாக இருக்க வேண்டியதில்லை. சில வாரங்களோ அதற்கு மேலோ தள்ளிப் போகும். ஆகவே தேதியை வைத்துத் தேடாதீர்கள். நகர ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 1864 முதல் 1874 வரையான ஏட்டில் பெயரையும் பிறந்த ஊரையும் வைத்துத் தேடுங்கள். ஃபிரீஸ்லாந்துக்காரர்கள் இயற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே தந்தையின் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆம்ஸ்டர்டாம் எழுத்தர் அதைக் கைவிட்டிருக்கலாம், அல்லது அதையே குடும்பப் பெயராக எழுதியிருக்கலாம். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். ‘வான்’, ‘டெ’ போன்ற முன்னொட்டு இருந்தால் அதை விட்டுவிட்டு மீதிப் பெயரில் தேடுங்கள். கிடைக்கும் பக்கம் மறுபடியும் யாரோ ஒரு முதலாளியின் வீடாகத்தான் இருக்கும். முந்தைய இருப்பிடக் கட்டத்தில் உங்கள் ஃபிரீஸ்லாந்து ஊர் இருந்தால் ஆள் அவர்தான்.

அவர் ஆம்ஸ்டர்டாமில் மணம் செய்திருந்தால் திருமணப் பதிவோடு நிற்காமல் அதன் இணைப்புகளையும் எடுங்கள். மணமக்களின் பிறப்புப் பதிவின் நகலும், பெற்றோர் இறந்திருந்தால் அவர்களுடைய இறப்புப் பதிவின் நகலும் பொதுவாக அதில் வைக்கப்பட்டிருக்கும். அவரே கொண்டுவந்து கொடுத்த பிறப்பு நகலில் உள்ள ஆண்டுதான் அவருடையது.